கருங்குழிக் கோட்டையின் நாரைக் கொடி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வருகிறது வருகிறது வருகிறது — நம்ம கருங்குழிக் கோட்டைச் சண்டைக்கு முழு வண்ணப் படப் புத்தகம், தமிழில், கெட்டி அட்டையில், ஜனவரி புத்தகக் காட்சிக்கு வருகிறது!!!

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாகப் போனால் போகட்டும்.

கொத்தளம் பதிப்பகத்தில் காலையில் ஒரு குட்டி வீடியோ போட்டார்கள். செங்கல்பட்டு மாவட்டத்துக் கோட்டைகளைப் பற்றி ஒரு வரிசை. முதல் புத்தகம் கருங்குழி. அது ஓடினால் செங்கல்பட்டு. அதற்கப்புறம் சதுரங்கப்பட்டினம், கடல் சண்டையோடு. படங்கள்: ஓவியர் ராமதாஸ், மாமல்லபுரம். நான் போட்ட சத்தத்தில் தம்பி பாலா தலையில் ஷாம்பு நுரையோடு ஓடி வந்தான்.

"இன்னாக்கா, கரென்ட் அடிச்சிச்சா?"

"புக்கு வருதுடா! நம்ம ஊரு கோட்டைக்கு!"

"எந்தக் கோட்ட? நாங்க கிரிக்கெட் ஆடுற மேடா? அதுக்கு இன்னாத்துக்கு புக்கு?"

இவனிடம் என்ன சொல்ல. வெளிநாட்டில் இப்படிப் புத்தகங்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. எந்தப் படை, என்ன சட்டை, தொப்பியில் என்ன இறகு, துப்பாக்கியை எந்தத் தோளில் சாய்த்தான் — பக்கம் பக்கமாகப் படம். நான் ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. யாரோ புரட்டிக் காட்டும் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து வளர்ந்தவள். இங்கிலீஷும் அதில்தான் வந்தது. ‘மஸ்கட்’ துப்பாக்கிக்கு ஸ்பெல்லிங் தெரிந்த பிறகுதான் எனக்கு ‘வெட்னஸ்டே’வுக்குத் தெரியும்.

அந்தப் புத்தகங்களில் எங்கள் ஊர் ஒரே ஒரு வரி. 1759-ல் ஆங்கிலேயர்கள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார்கள். முற்றுப்புள்ளி. பிரெஞ்சுக்காரனுக்காக மதில் மேல் நின்ற நம்ம ஊர்ப்பக்கத்துச் சிப்பாய்களுக்கு முகமே கிடையாது.

இப்போது முகம் வரப்போகிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

கடையில் ஒரு அம்மாவின் வலது கண் பவரை இடது கண்ணுக்கு எழுதிவிட்டேன். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள் செய்யக்கூடாத காரியம். ஓனர் முறைத்தார். நான் கோட்டையில் இருந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பழைய சண்டைகளைப் பற்றிப் பேசுகிற எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் திருவிழா. குரூப்புக்குப் பெயர் ‘பீரங்கிப் பசங்க’. நான் ஒருத்திதான் பெண். பெயரை மாற்றச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அட்மின் ஜெயந்த், கேளம்பாக்கத்தில் ஐ.டி. வேலை. நேரில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். ஆனால் தினமும் சண்டை போடுகிற ஆள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு புத்தகம் அறிவித்துவிட்டால், அது வருகிற வரைக்கும் சும்மா இருக்க முடியாது. உள்ளே என்ன படம் இருக்கும் என்று ஆளாளுக்கு வரைந்து போடுவோம். யூகப் படம். புத்தகம் வந்ததும் யாருடையது கிட்டே வந்தது என்று பார்ப்போம். வென்றவனுக்கு ஒரு வாரம் அட்மின் பதவி.

என் முறை. போனில், விரலால்தான் வரைவேன். மதில் மேல் ஒரு சிப்பாய். தலைப்பாகைக்கு என்ன நிறம்? தேடித் தேடிப் பார்த்தேன், எங்கும் இல்லை. சரி என்று அப்பாவின் டாடா ஏஸ் வண்டிக் கண்ணாடியில் தொங்குகிற ரிப்பனைப் பார்த்தேன். கருநீலம், ஓரத்தில் கடுகு மஞ்சள். அதையே தலைப்பாகையாகக் கட்டிவிட்டேன். பின்னால் ஒரு கொடி வேண்டும். கோட்டையில் பறந்தது பிரெஞ்சுக்காரன் கொடியாகத்தான் இருக்கும், ஆனால் அது போரடிக்கிறது. வேடந்தாங்கல் பக்கத்தில் இருந்துகொண்டு பறவைக்கா பஞ்சம்? ஒற்றைக் காலில் நிற்கும் நாரையைக் கொடியில் போட்டேன். கீழே எழுதினேன்: ‘யூகம் — கவியா, கருங்குழி’.

ஜெயந்த்: "கவி, இன்னா இது, சிப்பாயா, பறவைகள் சரணாலயம் வாட்ச்மேனா?"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆனால் படம் நன்றாக வந்திருக்கிறது. எனக்கே தெரிகிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

படம் ஓடுகிறது! ஜெயந்த் தன் நெட் பக்கத்தில் போட்டான், அங்கிருந்து யார் யாரோ எடுத்துப் போட்டுக்கொண்டு போகிறார்கள். வேறொரு பக்கத்தில் எவனோ, கீழே இருந்த ‘யூகம்’ வரியை வெட்டிவிட்டு, ‘கருங்குழிக் கோட்டைக் கொடி, 1759’ என்று போட்டிருக்கிறான். "இது என் யூகம்தான், உண்மை இல்லை" என்று கமெண்ட் போட்டேன். அதற்கு மேல் நானூறு கமெண்ட் ஏறி அதை அமுக்கிவிட்டது.

"விடு கவி," என்றான் ஜெயந்த். "எப்டியோ ஊரு பேரு தெரியுது இல்ல? புக்குக்கு ஃப்ரீ விளம்பரம்."

விட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பாலாவின் கிரிக்கெட் டீமுக்குப் புது ஜெர்சி. கருநீலம், மஞ்சள் ஓரம், நெஞ்சில் என் நாரை. டீம் பெயர் ‘கருங்குழி நாரைகள்’. முன்னே ‘ரைசிங் ஸ்டார்ஸ்’ என்று இருந்தது.

"இது நான் வரைஞ்சதுடா."

"நீ எங்க வரைஞ்ச? நெட்லேருந்து எடுத்து டிசைன் போட்டாங்க. பழைய காலத்துக் கொடியாம் இது."

"டேய், அது என் படம். பாரு." போனைக் காட்டினேன்.

"நீயும் நெட்ட பாத்து வரைஞ்சிருப்ப. இன்னாமோ பெரிய ஆர்ட்டிஸ்ட் கணக்கா," என்று பேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சிரிப்பு வந்தது. இப்போது எழுதும்போது அவ்வளவாக வரவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

அப்பா மதுராந்தகத்தில் வண்டிக்குப் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்தார். நாரை. "நம்ம ஊரு கொடியாமே கண்ணு, பசங்க சொன்னானுங்க. நம்ம வண்டி எங்க போனாலும் கருங்குழின்னு தெரியட்டும்." வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அவர் கண்ணாடியில் தொங்குகிற ரிப்பனிலிருந்து வந்த நிறம் அது. கூடவே நானும் ஒரு சுற்று வந்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

புத்தகத்தின் மாதிரிப் பக்கங்கள் நெட்டில் வந்துவிட்டன.

நான்கு பக்கம். முதல் பக்கம் அகழி, இரண்டாவது பீரங்கி இழுக்கும் மாடுகள் — அந்த மாடுகளின் கழுத்துச் சதை மடிப்பைப் பார்த்து அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு உயிர். மூன்றாவது பக்கம் மதில்.

மதில் மேல் கருநீலத் தலைப்பாகை. கடுகு மஞ்சள் ஓரம். பின்னால் நாரை.

என் நாரை! என் நாரை புத்தகத்தில்! எழுந்து நின்றுவிட்டேன். ஓவியர் ராமதாஸ் என்னைவிட ஆயிரம் மடங்கு அழகாகப் போட்டிருக்கிறார். காற்றில் கொடி மடிகிற இடத்தில் நாரையின் கழுத்தும் மடிகிறது.

கீழே குறிப்பு: ‘கருங்குழிக் காவல் சிப்பாய்கள், 1759. உடையும் கொடியும் உள்ளூர் மரபின்படி.’

உள்ளூர் மரபு.

உள்ளூர் மரபு நான்தான். மரபுக்கு இரண்டு மாதம் வயது.

உட்கார்ந்தேன். சாப்பிடக் கூப்பிட்டாள் அம்மா. "ஏய், இன்னாடி பேய் அறைஞ்ச மாதிரி இருக்க? புக்கு நின்னுபோச்சா?"

இல்லம்மா. வருது. அதான் பிரச்சினை.

அக்டோபர் 13, திங்கள்

ஜெயந்தைக் கூப்பிட்டேன்.

"பாத்தேன்," என்றான். சிரிப்பே இல்லை குரலில். "கவி, ஒன்னு சொல்றேன் கேளு. யாருகிட்டயும் வாய தொறக்காத."

"அது பொய்யிப்பா. நான் அப்பா வண்டி ரிப்பன பாத்து வரைஞ்சேன்."

"யாருக்குத் தெரியும்? எனக்கும் உனக்கும் குரூப்ல நாலு பேருக்கும். சின்ன பதிப்பகம். மூணாவது பக்கமே தப்புன்னு வெளிய வந்தா முடிஞ்சிது. செங்கல்பட்டும் வராது, சதுரங்கப்பட்டினமும் வராது. தமிழ்ல யாருடா ராணுவ புக்கு வாங்குவான்னு ஒரு கூட்டம் கெடக்குது, அவனுங்களுக்குக் கொண்டாட்டம். இன்னும் பத்து வருசத்துக்கு எவனும் போட மாட்டான்."

"அப்போ பொய்யாவே வரட்டுமா?"

"ஒரு கொடி. ஒரே ஒரு கொடி கவி. மத்ததெல்லாம் கரெக்டு. அந்த மாட்ட பாத்தியா நீ?"

பார்த்தேன். அதைத்தான் நேற்றிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 15, புதன்

மாதிரிப் பக்கத்துக்குக் கீழே ஒருத்தர் எழுதியிருக்கிறார்: ‘எங்க தாத்தா இந்த நாரைக் கொடியைப் பற்றிச் சொல்லுவார்.’ அதற்குக் கீழே இன்னொருவர்: ‘ஆமாம், எங்க பெரியப்பாவும்.’

தாத்தா எப்படிச் சொல்லுவார்? தாத்தாவுக்கு வாட்ஸ்அப் இருந்ததா?

அவர்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. நிஜமாகவே ஞாபகம் வந்துவிட்டது அவர்களுக்கு. மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது எனக்கே ஒரு சந்தேகம் — ஒருவேளை சின்ன வயதில் எங்காவது பார்த்தேனோ? எங்காவது கேட்டேனோ? அதுதான் கையில் வந்ததோ? அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

இல்லை. ரிப்பன். வண்டி ரிப்பன்.

அக்டோபர் 17, வெள்ளி

அந்தக் கொடி என் யூகம்தான் என்று பதிப்பகத்துக்கு மூன்று முறை செய்தி அனுப்பிவிட்டேன். மூன்று முறையும் ஒரே பதில்: ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி! முன்பதிவு செய்ய இங்கே அழுத்தவும்.’

அழுத்தினேன். முன்பதிவு செய்துவிட்டேன். பைத்தியம் நான்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

வெடிச் சத்தத்தில் யாரிடமும் பேச வேண்டியிருக்கவில்லை. நல்லது.

அக்டோபர் 26, ஞாயிறு

ஓவியரைப் பார்க்கப் போய்விட்டு வந்தேன். எழுதினால்தான் ஆறும்.

பாலாவிடம் மாமல்லபுரத்தில் மீன் வறுவல் வாங்கித் தருகிறேன் என்று பொய் சொல்லி பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. நனைந்தே போனோம். ராமதாஸ் அண்ணன் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. ஓட்டல் போர்டு எல்லாம் வரைகிறவர், யாரைக் கேட்டாலும் தெரிகிறது. நாற்பது வயது இருக்கும். லுங்கி, காதில் பென்சில். வராந்தா முழுக்க நண்டும் இறாலும் — ஏதோ ஓட்டலுக்கு மெனு போர்டு.

நான் பெரிய ரசிகை என்றேன். மாடுகளைப் பற்றிச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "அந்த மாட்டுக்கு எவ்ளோ நாளு ஆச்சி தெரியுமா? படாளத்துல போயி ஒரு மாட்ட நிக்க வெச்சி வரைஞ்சேம்மா. மாட்டுக்காரன் என்னிய பைத்தியம்னு நெனச்சிகினான்." அவர் மனைவி டீ கொடுத்தாள். அப்போதே எழுந்து வந்துவிட்டிருக்கலாம்.

போனை நீட்டினேன். வெட்டாத படம். கீழே ‘யூகம் — கவியா, கருங்குழி’. ஆகஸ்ட் தேதி.

கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓ. உன்னுதா? சரி, பேரு போடணுமா? நன்றின்னு ஒரு வரி போட்டுர்லாம். பதிப்பகத்துல சொல்றேன்."

"பேரு வேணாண்ணா. அது நெசம் இல்ல. நானா போட்டது."

"நானான்னா?"

"எங்கப்பா வண்டி ரிப்பன பாத்து."

டீ கிளாசைக் கீழே வைத்தார். உள்ளே போய் ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். வரையும்போது பார்ப்பதற்காக ஒட்டி வைத்திருந்த படங்கள். "பாரும்மா. ஒரு எடத்துல பாத்தா நான் நம்ப மாட்டேன். மூணு எடத்துல ஒரே மாதிரி இருந்தாத்தான் பிரஷ்ஷ தொடுவேன். மொதோ நாள்லேருந்து அதான் என் வழக்கம். இது ஒன்னு. இது ரெண்டு, பழைய ஓவியம். இது மூணு, ஊருக்காரனே சட்டையில போட்டுகினு ஆடறான், வேற இன்னா வேணும்?"

ஒன்று, வரியை வெட்டின என் படம். இரண்டு, அதையே யாரோ பழுப்புக் காகிதம் மாதிரி, ஓரம் கிழிந்த மாதிரி ஃபில்டர் போட்டு மாற்றியது. மூன்றாவது போட்டோவில் மட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பது பாலா.

பாலா எட்டிப் பார்த்துவிட்டு, "அட, இது நானு," என்றான் சந்தோஷமாக. பிறகு என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் போனை. "அக்கா... அப்போ நெசமாவே நீ வரைஞ்சதா?"

ராமதாஸ் அண்ணன் அவனையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு அந்த முகம் மறக்காது. கோபம்கூட இல்லை முதலில்.

"மூணும் ஒன்னா," என்றார்.

அப்புறம்தான் கோபம் வந்தது. "இப்ப வந்து சொல்ற! அச்சுக்குப் போற நேரத்துல! இருவது வருசமா நண்டு வரைஞ்சிகினு கீறேன்மா நானு. மொத தடவையா அட்டையில என் பேரு. தெரியலன்னா தெரியலன்னு உட வேண்டியதுதான, இன்னாத்துக்கு நாரைய போட்ட? உனக்கு வெளாட்டு. கெளம்பு. கெளம்பும்மா மொதல்ல."

யூகம்னுதான் எழுதினேன்ணா என்று சொல்லத் தோன்றியது. எழுதினது நிஜம். வெட்டினப்போ கத்தாம இருந்ததும் நிஜந்தான?

திரும்பும்போது பாலா மீன்கூடக் கேட்கவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

ஒரு செய்தியும் இல்லை. மழை.

நவம்பர் 8, சனி

பதிப்பகத்தின் அறிவிப்பு: ‘தவிர்க்க முடியாத காரணங்களால் கருங்குழிப் புத்தகம் புத்தகக் காட்சிக்கு வராது. ஒரு பக்கம் திருத்தப்படுகிறது. அடுத்த இரண்டு புத்தகங்கள் பற்றிப் பின்னர்.’

பின்னர் என்றால் என்ன? பின்னர் என்றால் வராது என்றுதானே?

நான்தான். நான்தான் நிறுத்தினேன். ஆகஸ்டில் அந்தச் சத்தம் போட்டவளும் நான்தான். வேற எவளும் இல்ல. வாய மூடிகினு இருந்திருந்தா ஜனவரியில கையில இருந்திருக்கும். மாட்ட தடவிப் பாத்திருப்பேன். அச்சு மையி வாசன எப்டி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது. சே.

நவம்பர் 9, ஞாயிறு

குரூப் கொதிக்கிறது. யாரோ புகார் செய்திருக்கிறான், அவனைக் கண்டுபிடிக்கணும் என்கிறார்கள். பொறாமை பிடித்த பேராசிரியர் வேலை என்கிறான் ஒருத்தன். அது நான்தான் என்று ஜெயந்துக்குத் தெரியும், ஆனால் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறான். என்னைக் காப்பாற்றுகிறானாம்.

நானே எழுதிப் போட்டேன். ரிப்பன், நாரை, வெட்டின வரி, மூன்று படமும் ஒரே படம். எல்லாம்.

போட்ட கையோடு போனைக் கவிழ்த்து வைத்தேன். அப்புறம் கொட்டியது.

"ஒரு கொடிக்காக மூணு புக்க காலி பண்ணிட்டா."

"லைக்கு வரும்போது இனிச்சிது, இப்ப நாயம் பேசுது."

"நாரைக்காரி."

இரண்டாவது ஆள் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் வலிக்கிறது.

ஜெயந்த் தனியாக ஒரு வரி அனுப்பினான்: "சொல்லாதன்னு சொன்னேன் இல்ல கவி." அவ்வளவுதான். குரூப்பிலிருந்து நானே வெளியே வந்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

ஊர்ப் பசங்களுக்கும் தெரிந்துவிட்டது. டீமில் பாலாவை ஓட்டுகிறார்கள். "உங்கக்கா நாளைக்கு ஆந்தைய போட்டா அதயும் மாட்டிக்கணுமாடா?" என்றானாம் கேப்டன். வந்து ஜெர்சியைக் கழற்றி என் கட்டில் மேல் எறிந்தான்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னேன்டா. நீதான் நம்பல."

"இன்னும் சத்தமா சொல்லியிருக்கணும்."

அவனும் சரியாகத்தான் சொல்கிறான். எல்லாரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆளாளுக்கு ஒரு சரி.

நவம்பர் 12, புதன்

அப்பாவிடம் சொன்னேன். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு கண்ணாடியில் தொங்குகிற ரிப்பனைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுவா? இது போன வருசம் ஆயுதபூஜைக்கு கண்ணாயிரம் கடையில குடுத்தான்."

"ஸ்டிக்கர எடுத்துரலாம்ப்பா."

"இருக்கட்டும் உடு. என் பொண்ணு வரைஞ்சது. நான் இன்னா புக்கா போடறேன்?" என்று பின்னால் போய் நாரைக்கும் சேர்த்து சோப்பு போட்டார்.

கிணற்றடிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

தெரியாத எண். எடுத்தால் ராமதாஸ் அண்ணன்.

"கவியாதான? சாப்ட்டியா?" என்றார். கோபித்துக்கொண்டவர்கள் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கேட்கிற கேள்வி. பிறகு, "பதிப்பகத்துல மூணாவது பக்கத்த இன்னா பண்றதுன்னு என்னியே கேக்கறாங்க. புகைய போட்டு மறைச்சிரலாம்ன்றாங்க. பீரங்கிப் புகை. ஒரு ஆளும் தெரிய மாட்டான், ஒரு கேள்வியும் வராது. நீ இன்னா சொல்ற?"

நான் என்ன சொல்வது? என்னை ஏன் கேட்கிறார்?

"புகைய போட்டா அதுவும் பொய்தாண்ணா. தெரியாதத தெரியாதுன்னு சொல்லல, மறைக்கறோம்."

"சரி, நீயே சொல்லு. தெரியாதத எப்டிம்மா வரையறது?"

மனதில் அந்த மூன்றாவது பக்கத்தைத் திறந்தேன். அந்தப் பக்கம் அலைச் சத்தமா மழையா தெரியவில்லை. மதில் தெரியும், செங்கல் தெரியும், மாடு தெரியும், பிரெஞ்சுக்காரன் சட்டை ஓரளவு தெரியும். நடுவில் நிற்கிற நம்ம ஆள் மட்டும் தெரியாது.

"அந்த ஆளுக்கு மட்டும் கலரு அடிக்காத உட்டா?" என்றேன். "மத்ததெல்லாம் முழுசா. அவரு மட்டும் பென்சில் கோடு."

"வேலை முடியலன்னு நெனப்பாங்கம்மா."

"முடியலதானேண்ணா."

"ம்," என்றார். வைத்துவிட்டார். கோபமா, யோசனையா, தெரியவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

புத்தகக் காட்சிக்குப் போகவில்லை. போயிருந்த குரூப் ஆட்கள் தங்கள் பக்கங்களில் போட்டோ போட்டிருந்தார்கள். கொத்தளம் கடையில் சமையல் புத்தகங்களும் ஜாதகப் புத்தகங்களும் முன்னால் இருக்கின்றன. கோட்டை வரிசைக்கு ஒரு பேனர்கூட இல்லை.

ஜனவரி 19, திங்கள்

முன்பதிவுப் பணம் திரும்ப வேண்டுமா என்று கேட்டு பதிப்பகத்திலிருந்து செய்தி. பாதிப் பேர் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம். வேண்டாம் என்று அழுத்தினேன். இந்தப் பொத்தானையாவது சரியாக அழுத்தினேன் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ராமதாஸ் அண்ணன் காலையில் ஒரு படம் அனுப்பினார். ஒரு வார்த்தை இல்லை, படம் மட்டும்.

மூன்றாவது பக்கம். மதில் ஈரமாக இருக்கிறது, செங்கல் இடுக்கில் பாசி. தொலைவில் ஏரி, நாரைக் கொடி இருந்த இடத்தில் வெறும் வானம். பிரெஞ்சு அதிகாரி ஒருத்தன் முதுகைக் காட்டி நிற்கிறான். அவனுக்குப் பக்கத்தில் மூன்று சிப்பாய்கள், வெறும் பென்சிலில். முகம் இருக்கிறது, கண் இருக்கிறது, கையில் நரம்புகூடத் தெரிகிறது. சட்டைக்கும் தலைப்பாகைக்கும் நிறம் இல்லை. அவர்கள் நிற்கிற இடத்தில் காகிதம் காகிதமாகவே இருக்கிறது. பக்கம் முழுக்க வண்ணம் இருக்க, கண் நேராக அவர்களிடம்தான் போகிறது.

கீழே குறிப்பு: ‘இச்சிப்பாய்கள் உடுத்திய நிறங்கள் தெரியவில்லை. ஆதாரம் வைத்திருப்பவர்கள் எழுதவும்.’

ரொம்ப நேரம் பார்த்தேன். அம்மாவிடம் காட்டினேன். "இன்னாடி இவுனுங்க மட்டும் இப்டி நிக்கறானுங்க, யாரோ வருவாங்கன்னு காத்துகினு இருக்கற மாதிரி?" என்றாள்.

சித்திரைக்குள் அச்சாகுமாம். குறைந்த பிரதிகள், மெல்லிய அட்டை. செங்கல்பட்டுப் புத்தகம் பற்றி யாரும் பேசுவதில்லை. சதுரங்கப்பட்டினம் இல்லை என்றே ஆகிவிட்டது. அந்தக் கடல் சண்டையைப் படமாகப் பார்க்க எத்தனை வருடம் ஆகுமோ. அது என்னால்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"நல்லா இருக்குண்ணா" என்று மட்டும் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "நல்லா இருக்குன்னா போதுமா? ஆதாரம் எழுதவும்னு போட்டாச்சி. எவன் எழுதுவான்? உனக்குத்தான் ஆளுங்கள தெரியும். நாரைய எவ்ளோ தூரம் ஓட்ன? இதயும் ஓட்டு."

மத்தியானம் ஜெயந்த் மறுபடி குரூப்பில் சேர்த்துவிட்டான். குரூப் பாதியாக இளைத்திருக்கிறது. பாலா பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்துப் பிழை பார்க்கிறேன் என்று தொந்தரவு செய்துகொண்டிருந்தான். மூன்று தடவை அழித்து எழுதி, இப்போதுதான் போட்டேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

‘கருங்குழி, படாளம், மதுராந்தகம், செங்கல்பட்டு பக்கம் இருக்கிறவர்களுக்கு. 1759-ல் கருங்குழிக் கோட்டை மதிலில் நின்ற சிப்பாய்கள் என்ன நிறம் உடுத்தினார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. உங்களிடம் பழைய படமோ துணியோ எழுத்தோ இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அது எப்படி உங்கள் கைக்கு வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அது ரொம்ப முக்கியம். ஒன்றும் இல்லை என்றால் இல்லை என்றும் சொல்லலாம், அதுவும் எங்களுக்கு வேண்டும். அப்புறம், நான் வரைந்த நாரைக் கொடி உங்கள் போனில் இருந்தால் அழிக்க வேண்டாம். அதன் மேல், நடுவில், வெட்ட முடியாத இடத்தில் “யூகம்” என்று எழுதி, முன்பு யார் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்கள் எல்லாருக்கும் தயவுசெய்து இன்னொரு முறை அனுப்புங்கள்.’